போத்தலில் என் பேர்

நான் பிரைமரி ஆறோடு நின்றவள். எழுத்து கோழி கிண்டியது போல இருக்கும், ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று மறந்துபோகும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நூலகத்தில் எங்களுக்கு எழுத்து வகுப்பு எடுக்கிற பெண், "பேசுற மாதிரியே எழுதுங்க, ஆன்ட்டி, போதும்" என்று சொல்லியிருக்கிறாள். நான் பேசுவதே குறைச்சல் என்பது அந்தப் பிள்ளைக்கு இன்னும் தெரியாது.

போன மாதம் என் மகளோடு பாலிகிளினிக்குக்குப் போனேன். காத்திருக்கிற இடத்தில் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். மகள் படித்துச் சொன்னாள். பெண்களுக்குக் கருப்பை வாயில் வருகிற புற்றுநோய் இருக்கிறதே, அதற்குக் காரணமான கிருமி இருக்கிறதா என்று பார்க்க, இப்போது பெண்கள் தாங்களாகவே மாதிரி எடுத்துக் கொடுக்கலாமாம். கதவைச் சாத்திக்கொண்டு, தன் கையாலேயே, ஒரு சின்னக் குச்சியில் எடுத்துக் குழாயில் போட்டு மூடிக் கொடுத்தால் போதுமாம். டாக்டர் கூடப் பார்க்க வேண்டாமாம்.

கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். கூட்டத்தில் நான் சத்தம் போட்டுச் சிரித்தது மகளுக்கு அதிசயம். "என்னாம்மா?" என்றாள். "தன்னோடதுதான் குடுக்கிறாங்கன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளில் நடந்தது. எனக்குப் பதினாறு வயது. குவீன்ஸ்டவுனில் ஏழாவது மாடியில் எங்கள் வீடு. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. பள்ளிக்கூடத்தை விட்டு நான்கு வருஷமாக நான் வீட்டில் அம்மாவுக்குக் கைவேலை செய்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் என் வயதுத் தோழி ஒருத்தி. கத்தோலிக்கக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாடுகிறவர்களில் அவள் குரல்தான் பெரிது. அவள் வானொலிப் பெட்டி செய்கிற ஒரு ஃபேக்டரியில் சேர்ந்திருந்தாள். நீல மேல்சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு அவள் கீழே இறங்கி நடந்து போவதை ஜன்னலில் நின்று பார்ப்பேன். அந்தத் தொப்பி மேல் எனக்கு அப்படி ஓர் ஆசை.

"நீயும் வா லா. உக்காந்த இடத்துல வேலை. யாரோடயும் பேச வேணாம். உனக்குன்னே செஞ்ச வேலைடி" என்றாள்.

யாரோடும் பேச வேண்டாம் என்றதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. ஃபேக்டரியில் சின்னச் சின்னக் கம்பிகளை இடுக்கியால் எடுத்து ஓட்டையில் வைக்கச் சொன்னார்கள். கை நடுங்காமல் வைத்தேன். "சரி, மெடிக்கல் பாஸ் பண்ணிட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள காயிதம் கொண்டு வா. வரலைன்னா அடுத்த பிள்ளைக்கு இடத்தைக் குடுத்துடுவோம்" என்றார்கள். அன்றைக்குச் செவ்வாய்.

புதன்கிழமை தோழியோடு சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஃபேக்டரிக்காரர்கள் சொன்ன கிளினிக்குக்குப் போனேன். அங்கே ஒரு மிஸ்ஸி. நர்ஸை அப்போதெல்லாம் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். நல்ல உயரம், நல்ல தமிழ், நல்ல சத்தம். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, கண் பார்த்து, எல்லாம் முடிந்ததும் ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலை என் கையில் கொடுத்தார். அதில் ஒட்டிய காகிதத்தில் என் பேர்.

"உள்ள போய் ஒண்ணுக்குப் புடிச்சுட்டு வா, பாப்பா."

அத்தனை பேர் நடுவிலே சொல்லிவிட்டார். வரிசையில் ஆம்பிளைகள் வேறு. நான் போத்தலை முந்தானையில்... இல்லை, அப்போது நான் பாவாடை சட்டைதான் போடுவேன், கைக்குட்டையில் மறைத்துக்கொண்டு உள்ளே போனேன். கதவுக்கு அந்தப் பக்கம் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது போல இருந்தது எனக்கு. ஒரு சொட்டு வரவில்லை. குழாயைத் திறந்தேன், மூடினேன். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். வெறும் போத்தலோடு வந்து நின்றேன்.

மிஸ்ஸி போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வெக்கமா? சரி, நாளைக்குக் காலையில எழுந்ததும் வீட்டுலயே புடிச்சுக் கொண்டா" என்று அனுப்பிவிட்டார்.

இப்போது அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா தலை வாரினால் சீப்பில் வருகிற முடியைச் சுருட்டி, மூன்று தடவை துப்பி, காகிதத்தில் மடித்து, குப்பைக் குழாயில் தன் கையாலேயே போடுவாள். ஏழு மாடி இறங்கிக் கீழே விழுந்த சத்தம் கேட்டால்தான் அவளுக்கு நிம்மதி. நகம் வெட்டினாலும் அப்படித்தான். நான் வயசுக்கு வந்த பிறகு என் முடிக்கும் நகத்துக்கும் காவல் இரண்டு மடங்கு. எவளாவது பொறுக்கிக்கொண்டு போய்ச் செய்வினை வைத்துவிட்டால்? அவளுக்கு ராப்பகலாக அதே கவலை.

அந்த அம்மா முன்னால் போத்தலை வைத்தேன்.

"என்னாடி இது?"

"போத்தல்."

"போத்தல்னு எனக்கும் தெரியுது. எதுக்கு?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அம்மா போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "இது என்னா எழுதியிருக்கு?"

"என் பேரு."

"பேரா!" அம்மா உட்கார்ந்துவிட்டாள். "முடி, நகம்னு நான் பொத்திப் பொத்தி வச்சிருக்கேன். இவங்க போத்தல்ல புடிச்சு, பேரும் எழுதி, மூடியும் போட்டுக் குடுன்னு கேக்குறாங்க. செய்வினை வைக்கிறவனுக்கு இதுக்கு மேல என்னா வேணும்? ஜாதகத்தையும் சேத்துக் கட்டிக் குடுத்துடு, சுளுவா முடிஞ்சிடும்."

அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்து சொன்னார்: "ஹார்பர்ல சேரும்போது நானும்தான் குடுத்தேன். எனக்கு என்னா ஆச்சு?"

"அதான் கல்யாணம் ஆன நாள்லேருந்து பாத்துக்கிட்டு இருக்கேனே!"

அப்பா திரும்பவும் பேப்பருக்குள் போய்விட்டார்.

நான் அழ ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமை போனால் வேலை போச்சு, தொப்பி போச்சு. அம்மாவுக்கு என் அழுகையும் தாங்காது. ஒரு பெரிய ஈயக் குவளை நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு யோசித்தாள். அந்த வருஷம் அம்மா எதற்கெடுத்தாலும் தண்ணீர் குடித்தாள். தேக்கா மார்க்கெட்டுக்குப் போனால் காய்கறி எங்கே என்று பார்க்கிறதற்கு முன்னால் ஜாம்பான் எந்தப் பக்கம் என்றுதான் பார்ப்பாள். கழிவறைக்கு நாங்கள் சொல்கிற பேர் அது. செருப்பு வார் கடித்த கால்விரல் இரண்டு மாதமாக ஆறாமல் மஞ்சள் பூசிக்கொண்டு நடந்தாள். இன்னொன்று, எங்கள் வீட்டுக் குளியலறையில் எங்கிருந்தோ எறும்பு. அம்மா கர்ப்பூரம் நுணுக்கிப் போட்டுப் பார்த்தாள், போகவில்லை. "நான் வாங்குற சோப்பு அவ்வளவு ருசி" என்று அப்பா பெருமை அடித்துக்கொண்டார். இதையெல்லாம் அப்போது நாங்கள் ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்க்கவில்லை.

யோசித்து முடித்து அம்மா சொன்னாள்: "என்னோடத கொண்டு போ."

"அம்மா!"

"என்னாடி அம்மா? நான் பெத்த பிள்ளை நீ. என் ரத்தம்தானே உன் ரத்தம்? எனக்குச் செய்வினை வச்சு எவளுக்கு என்னா கெடைக்கப் போவுது? உங்கப்பாவா? எடுத்துக்கட்டும்."

பேப்பர் கொஞ்சம் ஆடியது.

வியாழக்கிழமை காலையில் போத்தல் தயாராக இருந்தது. மிஸ்ஸி பாதி போதும் என்று சொன்னதை நான் சொல்லியும், "அரைகொறையாவா குடுக்கிறது? நம்மள என்னா நெனப்பாங்க?" என்று கழுத்து வரை நிரப்பியிருந்தாள். அதைத் துணியில் சுற்றி, பால்மாவு டின்னில் வைத்து, டின்னை மார்க்கெட் கூடையில் வைத்து, மேலே கறிவேப்பிலை பரப்பி அனுப்பினாள். "யாருகிட்டயும் மூச்சு விடாத" என்றாள். என்னிடம் போய் அதைச் சொன்னாள்!

பஸ்ஸில் கூடையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மலாய்க்காரக் கண்டக்டர் பார்த்துவிட்டு, "தெலூர்?" என்றார். முட்டையா என்று கேட்கிறார். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான். நல்ல மனுஷர், நான் இறங்குகிற வரைக்கும் ஏறுகிறவர்களிடம் எல்லாம், "தெலூர், தெலூர்! ஹத்தி-ஹத்தி!" என்று என் பக்கம் கையைக் காட்டி, பார்த்து நடக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு சீனப் பாட்டி எழுந்து எனக்கு அதிக இடம் விட்டு உட்கார்ந்தார். என் தோழிக்கு அன்றைக்கு மத்தியான ஷிஃப்ட், அதனால் கூட வந்திருந்தாள். அவளிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை. இறங்கினதும், "அம்மா எதுக்குடி கறிவேப்பிலை வச்சாங்க, தாளிக்கவா?" என்றாள். நான் கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.

மிஸ்ஸி டின்னைத் திறந்து போத்தலை எடுத்து, "ஏம்மா, கிளினிக்கை விலைக்கு வாங்கப் போறியா, இவ்வளவு?" என்றார். அப்புறம் அடுத்த அறைக்குப் போய், கண்ணாடிக் குழாயில் நீல மருந்து ஊற்றி, அதில் சில சொட்டு விட்டு, சின்ன ஸ்பிரிட் விளக்கில் பிடித்தார். கதவு திறந்திருந்தது, நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு முன்னால் வந்த பெண்ணுடையது கொதித்தும் நீலமாகவேதான் இருந்தது. என்னுடையதோ, முதலில் பச்சை, பிறகு மஞ்சள், பிறகு ஆரஞ்சு, கடைசியில் நல்ல செங்கல் நிறம். புடவைக் கடைக்காரர் ஒவ்வொன்றாக உதறிக் காட்டுவது போல இருந்தது. நமக்குத்தான் இத்தனை நிறம் வந்திருக்கிறது, வேலை நிச்சயம் என்று நினைத்தேன்.

மிஸ்ஸி திரும்பினார். முகத்தில் சத்தமே இல்லை.

"பாப்பா, தண்ணி நெறையக் குடிக்கிறியா?"

என்ன சொல்வது? போத்தல் என்னுடையது இல்லையே. தலையைக் குனிந்தேன். குனிந்ததை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

"அடிக்கடி ஒண்ணுக்குப் போறியா? புண்ணு வந்தா ஆற நாளாவுதா?"

அப்போதுதான் எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. ஈயக் குவளை, ஜாம்பான், மஞ்சள் பூசிய விரல் எல்லாம் வரிசையாகக் கண்ணுக்கு முன்னால் வந்தன. மிஸ்ஸி கேட்டது ஒவ்வொன்றும் எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டு வந்து கேட்டது போல இருந்தது.

டாக்டர் சீனர். என்னைப் பாவமாகப் பார்த்து, "கென்சிங் மானிஸ்" என்றார். இனிப்புநீர். மிஸ்ஸி விளக்கிச் சொன்னார்: சர்க்கரை மிக அதிகம், இப்போதைக்கு வேலைக்குச் சீட்டு எழுத முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் பார்க்க வேண்டும், கவனிக்காமல் விட்டால் கால், கண் எல்லாம் கெட்டுப்போகும். அவர் ஆறுதலாக என் முதுகைத் தடவத் தடவ எனக்கு அழுகை கூடியது. அந்த அழுகையில் பாதி தொப்பிக்காக, பாதி அம்மாவின் கால்விரலுக்காக. உண்மையைச் சொன்னால் இரண்டுக்கும் வழி பிறக்கும். ஆனால் வாய் திறக்கவில்லை. டாக்டரையே ஏமாற்றியவள் என்று போலீஸைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று பயம்.

வெளியே வந்து தோழியின் காதில் சொன்னேன். அவள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்ப தெலூரு உங்கம்மாவோடதா!" அப்புறம் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"அடியே. அப்ப உங்கம்மாவுக்குத்தானே?"

"நீ போய்ச் சொல்லேன், லா" என்று கெஞ்சினேன்.

"நான் சொன்னா நம்புவாங்களா? உன் போத்தல், உன் வாய். போ." சொல்லிக்கொண்டே முதுகில் கைவைத்துத் தள்ளினாள். நான் கதவைத் தாண்டி, வரிசையைத் தாண்டி, மேசைக்கு முன்னால் போய் நின்றேன். மெதுவாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பதினாறு வருஷமாக உள்ளே கிடந்த சத்தம் எல்லாம் சேர்ந்து வந்துவிட்டது.

"மிஸ்ஸி, அது என்னோடது இல்ல! எங்கம்மாவோடது!"

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மூலையில் ஒரு தாத்தா, "அம்மாவோட என்னாது?" என்று பக்கத்தில் கேட்டார். அதற்கு அப்புறம் நடந்த சிரிப்பை நான் எழுத வேண்டியதில்லை.

மிஸ்ஸி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து புதுப் போத்தல் ஒன்றில் என் பேரை எழுதிக் கையில் வைத்து, "உள்ள போ. வெளிய வரும்போது உன்னோடது இருக்கணும். உங்க பாட்டியோடது எல்லாம் கொண்டு வரக் கூடாது" என்றார். தோழி கதவுக்கு வெளியே நின்று கோயில் பாட்டை எட்டுக் கட்டையில் எடுத்தாள். அந்தச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது என்ற தைரியத்தில் காரியம் முடிந்தது. கொதிக்க வைத்தார்கள். நீலம் நீலமாகவே நின்றது. உண்மையைச் சொன்னால், ஒரு நிறம்கூட மாறவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

டாக்டர் சீட்டில் கையெழுத்துப் போட்டார். மிஸ்ஸி அதை வாங்கி இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். "நாளைக்கு உங்கம்மாவைக் கூட்டிட்டு வா. அவங்க வந்தாத்தான் காயிதம்."

நாளைக்கு வெள்ளிக்கிழமை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா அசையவில்லை. "எனக்கு ஒண்ணுமில்ல. நான் எங்கயும் வரமாட்டேன். எதையும் குடுக்க மாட்டேன்."

"நீதான் ஏற்கெனவே குடுத்துட்டியேம்மா, என் பேர்ல" என்றேன்.

அம்மா குவளையை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். "உன் பேர்லயா எழுதியிருக்காங்க? இனிப்புநீர்னு?"

"ஆமா. சிவப்பு மையில."

அம்மாவின் முகம் மாறியதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அவள் கணக்கில் பேருக்கு எழுதினது ஆளுக்குப் போய்ச் சேரும். எந்தச் செய்வினைக்குப் பயந்து என்னைக் காப்பாற்றினாளோ, அதைத் தானே போத்தலில் அடைத்து என் பேரை ஒட்டி அனுப்பிவிட்டதாக நினைத்துவிட்டாள். அப்பா, "அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டு எவ்வளவோ சொன்னார். அம்மா கேட்கவில்லை.

மறுநாள் கிளினிக் திறக்கிறதற்கு முன்னாலேயே அம்மா வாசலில் நின்றாள். மிஸ்ஸி வந்ததும், "எங்க அந்தக் காயிதம்?" என்றாள். மிஸ்ஸி சிவப்பு மையில் எழுதியிருந்த என் அட்டையை எடுத்தார்.

"இதுல என் பிள்ளை பேரு எது?"

மிஸ்ஸி காட்டினார்.

"அங்க இருக்கிற சீக்கை அடிங்க. நல்லா அடிங்க. அது என்னோடது. என் பேருக்கு எழுதுங்க."

"சரிம்மா, எழுதுறேன். உங்க பேரு என்னா?"

மளிகைக் கடையிலும் சரி, மார்க்கெட்டிலும் சரி, யார் கேட்டாலும், "பிள்ளைங்க அம்மான்னு போட்டுக்குங்க" என்பவள் அவள். அன்றைக்கு அத்தனை பேர் நடுவில், தன் பேரையும், அப்பா பேரையும், பிளாக் நம்பரையும் சத்தமாகச் சொன்னாள். புதுப் போத்தலில் பேர் எழுதுகிற வரை மிஸ்ஸியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானே போத்தலை வாங்கிக்கொண்டு, "பாதி போதுமா, நெறைய வேணுமா?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

எனக்குக் காயிதம் கிடைத்தது. அப்படியே பஸ் ஏறி ஃபேக்டரியில் கொடுத்தேன். திங்கட்கிழமை தொப்பி போட்டுக்கொண்டேன். தலைக்குப் பெரிதாக இருந்தது, அதனால் என்ன.

ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு மாத்திரை கொடுத்தார்கள். பாலும் சீனியும் போட்ட தேத்தண்ணியை நிறுத்தினார்கள். அது மட்டும் அவளுக்குப் பெரிய துக்கம். விரல் ஆறியது. வீட்டிலேயே பார்த்துக்கொள்ள நீல மருந்தும் குழாயும் விளக்கும் வாங்கிக் கொடுத்து மிஸ்ஸி சொல்லித் தந்தார். எண்பதுகளில் நான் கல்யாணமாகிப் பக்கத்து பிளாக்குக்குப் போகிற வரைக்கும், நான் காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது அடுப்படியிலிருந்து குரல் வரும்: "இன்னிக்கு நீலம்டி!" தீபாவளிக்கு மறுநாள் மட்டும் குரல் வராது. நானே போய் எட்டிப் பார்ப்பேன். குழாயை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "இது உங்கப்பாவோடது" என்பாள்.

எறும்பு போய்விட்டது. சோப்பை மாற்றியதால்தான் என்று அப்பா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இதில் எனக்குச் சந்தேகமான இடங்கள் உண்டு. கொதிக்கும்போது பச்சைக்கு அப்புறம் மஞ்சளா, மஞ்சளுக்கு அப்புறம் பச்சையா என்று அந்தக் காலத்தில் மிஸ்ஸியாக இருந்த யாராவது சரிபார்த்துச் சொல்ல வேண்டும். கண்டக்டர் சொன்ன மலாய் வார்த்தைகள் சரியா என்று தெரிந்தவர்கள் திருத்துங்கள். வகுப்பு எடுக்கிற பிள்ளைக்கும் ஒரு வேலை. போத்தலில் எழுதிய அம்மாவின் பேரை இங்கே நான் எங்கேயும் எழுதிவிடவில்லையே என்று ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிடம்மா. பேர் விஷயத்தில் அம்மா பொல்லாதவள்.